சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

அன்றைக்கு லாண்டரியின் முன்னறையில் இருந்தவர்கள்: லாண்டரிக்காரர், அவர் மனைவி, மனைவியின் அண்ணனான பம்புக்காரர், பக்கத்துக் கடைத் தையற்காரர், தையற்காரரின் மனைவி. இவர்களில் குற்றவாளி லாண்டரிக்காரர். அவரை நடுவில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். மற்றவர்கள் கிடைத்த இடத்தில் இருந்தார்கள். பம்புக்காரருக்கு ஓர் அழுக்குத்துணி மூட்டை கிடைத்தது. மனைவி உட்காரவில்லை. எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். என்ன தலைபோகிற விஷயமாக இருந்தாலும் வந்தவர்களுக்கு டீ கொடுத்துவிட்டுத்தான் அழுவாள்.

மதிய வெயிலில் தகரக் கூரை டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருந்தது. பாய்லரை அணைத்து நேரமாகியும் அறை ஆறவில்லை. கயிற்றில் லாட்ஜ் விரிப்புகள் வரிசையாகத் தொங்கின. ஸ்டூலில் இருந்தவரின் கண்கள் அந்த வெள்ளைக்கு முன்னால் இன்னும் மஞ்சளாகத் தெரிந்தன. உதட்டைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். வலப்பக்க விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு குனிந்திருந்தார்.

"வாயை ஊதுங்க அண்ணே," என்றார் தையற்காரர்.

ஊதினார்.

"ஒண்ணும் வரலையே. வாந்தி எடுத்த புளிப்பு வாசனைதான் வருது."

"இப்பல்லாம் வாசனையே வராத சரக்கு வந்துடுச்சு," என்றார் பம்புக்காரர்.

"அப்படியா? எந்தக் கடையில?"

தையற்காரரின் மனைவி திரும்பிப் பார்த்தாள். தையற்காரர் டம்ளருக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

"ஏங்க," என்றாள் மனைவி. "உண்மையைச் சொல்லிடுங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன். எங்க வாங்கினீங்க, யாரோட போனீங்க, எதுவும் வேணாம். குடிச்சேன்னு ஒரு வார்த்தை."

"குடிக்கல."

"அப்ப கண்ணு ஏன் இப்படி இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன டாக்டரா?"

"டாக்டரே சொல்லியாச்சே."

டாக்டர் சொன்னது உண்மைதான். முனையில் இருக்கிற க்ளினிக்கில், "முன்னாடி குடிப்பாரா?" என்று கேட்டார்கள். "குடிப்பார்," என்றாள். அதற்கப்புறம் அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. ஈரல் போய்விட்டது, நிறுத்தச் சொல்லுங்கள் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பம்புக்காரர் மூட்டையின் மேல் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். "மாப்ளே, உங்களைத் திட்டறதுக்கு நான் வரல. தங்கச்சி அழறதைப் பாக்க முடியல. நீங்க இல்ல இல்லன்னு சொல்லச் சொல்ல அவளுக்குத்தான் வலிக்குது. ஒத்துக்கிட்டா சின்ன விஷயம். ஒத்துக்கலைன்னாத்தான் பெரிசு."

"மச்சான், என் மேல சத்தியம்."

"பழைய நாள்ல எத்தனை சத்தியம் பண்ணியிருப்பீங்க?"

பழைய நாளில் அவர் எல்லார் மேலும் சத்தியம் செய்திருக்கிறார். தையல் மெஷின் மேல்கூட ஒருமுறை செய்திருக்கிறார்.

கடைசியில் பம்புக்காரர்தான் வழி சொன்னார். "கொஞ்ச நாள் உள்ள வச்சுப் பூட்டு. வெளிய போனாத்தானே குடிக்க முடியும்? வேளாவேளைக்குக் கஞ்சி குடு, தண்ணி குடு. தானா தெளிஞ்சிடுவார்."

எல்லாரும் எழுந்தார்கள். அவள் டம்ளர்களைக் கழுவ எடுத்தாள். அண்ணனுடைய டம்ளரில் டீ அப்படியே இருந்தது. மேலே ஆடை படிந்திருந்தது. அதைச் சாக்கடையில் ஊற்றினாள். அன்றைக்கு அது அவளுக்கு வித்தியாசமாகத் தோன்றவில்லை.

*

லாண்டரிக்காரருக்குத் தெருவில் குடம் என்று பெயர். குடியை விட்ட பிறகு வந்த பெயர் அது.

குடியை விடுவதற்கு எல்லாரும் ஏதேதோ செய்வார்கள். மிட்டாய் சப்புவார்கள், பாக்கு மெல்லுவார்கள். இவர் தண்ணீர் குடித்தார். பிரஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அதன்மேல் ஒரு எவர்சில்வர் குடம். சாயங்காலம் வேலை ஓய்கிற நேரத்தில்தான் நாக்கு நமநமக்கும். அப்போது சொம்பை எடுத்து மொண்டு அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொள்வார். வயிறு நிரம்பித் தளும்பும்வரை ஊற்றுவார். நடந்தால் உள்ளே சத்தம் கேட்கும். "அண்ணே, ஏரியில எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க," என்பார் தையற்காரர். "உன் பொண்டாட்டி போடற டீக்கு ஒரு சொம்பு போதும், அதுக்கு மேல அவளும் ஊத்த மாட்டா, சர்க்கரையும் போட மாட்டா," என்பார் இவர். பாய்லர் சூட்டில் நாளெல்லாம் நிற்கிற உடம்பு. குடித்த தண்ணீரெல்லாம் வேர்வையாகப் போகும். மறுபடி குடிப்பார்.

அப்படித்தான் பல வருஷம் ஓடியது. மனைவிக்கு அந்தக் குடத்தின் மேல் ஒரு மரியாதை உண்டு. வேறெந்தப் பாத்திரத்தையும் தேய்க்காத அளவுக்குப் புளி போட்டு அதைத் தேய்த்து வைப்பாள்.

லாண்டரி என்றால் பெரிய கடை இல்லை. துவைக்கிற டிரம் இரண்டு, பிழிகிற மெஷின் ஒன்று, பாய்லர், பிரஸ். லாட்ஜ்காரர்களின் விரிப்பும் தலையணை உறையும்தான் பிழைப்பு. வெள்ளைத் துணி. வெள்ளையில் ஒரு நிழல் விழுந்தாலும் மூட்டை திரும்பி வந்துவிடும்.

அந்தக் கோடையில் நிழல் விழுந்தது. மழை பொய்த்து, ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வருகிற ஏரி சுருங்கிவிட்டிருந்தது. காற்றே இல்லை. கரையோரத்தில் யாரோ பச்சை பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தது போலத் தண்ணீர் கெட்டியாகக் கிடந்தது. குழாயில் மண் வாசனை அடித்தது. துவைத்து எடுத்த விரிப்பை வெயிலில் தூக்கிப் பிடித்தால் இளம்பச்சை தெரிந்தது. மனைவி நீலம் போட்டாள், இரண்டாம் தண்ணீர் விட்டாள், மூன்றாம் தண்ணீர் விட்டாள். லாட்ஜ் மேனேஜர் மூட்டையை வாசலில் எறிந்துவிட்டு, "இதுல படுத்தா ஆளே முளைச்சிடுவான்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் நேராகப் பம்பு ஹவுஸுக்குப் போனாள். ஊருக்கெல்லாம் தண்ணீர் திறந்துவிடுகிறவர் அவளுடைய அண்ணன். வேறு யாரிடம் போவாள்?

"அண்ணே, வெள்ளையெல்லாம் பச்சையாப் போகுது. கடையை மூடிட்டு உன் வீட்டுத் திண்ணையில வந்து உக்காரவா? ஏதாவது பண்ணு."

"ஊரே திட்டுது, நீயும் திட்டு," என்றார். ஆனால் செய்தார். கோணிப்பையில் மயில்துத்தத்தைக் கட்டி, படகின் பின்னால் தொங்கவிட்டு, தண்ணீர் உறிஞ்சுகிற இடத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்தார். நீலக் கல் கரைந்து பையிலிருந்து கோடு கோடாகப் போனது. சில நாளில் பச்சை வெளுத்து, நுரைத்து, அமிழ்ந்துபோனது. குழாயில் கண்ணாடி மாதிரி தண்ணீர் வந்தது. விரிப்புகள் பழையபடி பளீரென்று வெளுத்தன.

அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "எங்கண்ணன் பண்ணது." அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்றார். மறுபடி கூப்பிட்டாள். வயிறு சரியில்லை என்றார்.

அந்த வாரம் தெருவில் பாதிப் பேருக்கு வயிறு சரியில்லை. வயிற்றுப்போக்கு, குமட்டல், தலைவலி. வெயில் சூடு என்றார்கள். துவைக்கும்போது அவளுக்கு முழங்கை வரை அரித்துத் தடித்தது. புது சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அவள் டீயில் உயிர் வாழ்கிறவள், தண்ணீர் அதிகம் குடிக்க மாட்டாள். அவளுக்கு இரண்டு நாள் வயிற்றை முறுக்கியதோடு சரி. மற்றவர்களுக்கும் அப்படியே நின்றது. குடத்துக்கு மட்டும் நிற்கவில்லை.

*

பூட்டுவதற்கு வசதியாக இருந்தது துணி அறை. வெளுத்து மடித்த துணியை அடுக்குகிற அறை. வாடிக்கைக்காரர்களின் சொத்து என்பதால் கதவில் பதித்த நல்ல பூட்டு போட்டிருந்தார்கள். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் சாவி போடலாம். பின்பக்கம் ஒரு கக்கூஸ், கம்பி போட்ட ஒரு ஜன்னல். விரிப்பு மூட்டைகளை ஒதுக்கிப் பாய் விரித்தாள். அவர் எதிர்க்கவில்லை. எதிர்க்கிற தெம்பு உடம்பில் இல்லை. உள்ளே போகும்போது ஒன்றுதான் சொன்னார்.

"அந்தக் குடத்தைக் கொண்டுவந்து வை."

வைத்தாள்.

அதிலிருந்து அவளுடைய நாள் இப்படிப் போனது. விடிந்ததும் அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஏற்றுவாள். கெட்டுப்போன வயிற்றுக்குத் தண்ணீரைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சிக் கொடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்த வைத்தியம். அது சுண்டுகிற நேரத்தில் டிரம்மில் துணியைப் போடுவாள். பிழிவாள், உதறுவாள், கயிற்றில் போடுவாள். தனியாளாகப் பிரஸ்ஸும் போட வேண்டியிருந்தது. அகல விரிப்பை ஒருத்தியே மடிக்க முடியாது. எதிர்முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு மடித்தாள். சுண்டிய தண்ணீர் ஆறியதும் குடத்தில் ஊற்றுவாள். தீர்ந்தால் மறுபடி ஏற்றுவாள்.

கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேச்சு நடக்கும்.

"கஞ்சி குடிச்சீங்களா?"

"வாந்தியா வந்துடுச்சு."

"மறுபடியுமா? சரி, தண்ணியாவது குடிங்க."

"தண்ணி குடிச்சா வயிறு எரியுது."

"குடிச்ச வயிறு அப்படித்தான் எரியும்."

பிறகு சொம்பு குடத்தில் இடிக்கிற சத்தம் கேட்கும்.

"இந்தா," என்றார் ஒருநாள். "நான் குடிச்சிருந்தா உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டேனா? எத்தனை தடவை அடிச்சுக் கேட்டாலும் கடைசியில உன்கிட்டதானே ஒத்துக்குவேன்?"

இது உண்மை. குடித்துக்கொண்டிருந்த காலத்தில்கூட ஊருக்கெல்லாம் பொய் சொல்லிவிட்டு ராத்திரி அவளிடம் ஒத்துக்கொள்வார். அவள் அதை நினைத்துப் பார்த்தாள். ஆனால் அவர் கண்ணின் மஞ்சளையும் நினைத்துப் பார்த்தாள். அண்ணன் சொன்னதையும் நினைத்தாள்.

"பேசாம படுங்க," என்றாள்.

அண்ணன் இடையில் ஒருமுறை வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படி வாசலில் நின்றார். பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது.

"எதுக்கு இவ்வளவு நேரம் கொதிக்குது?"

"அவருக்குத்தான். பாதியாச் சுண்டணும்."

"தினமுமா?"

"தினமும்தான். இதுதான் ஒண்ணு உள்ள தங்குது."

பம்புக்காரர் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆவி எழுந்து கூரையில் முட்டி இறங்கியது. "கேன் தண்ணி வாங்கிக் குடேன்," என்றார்.

அவள் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "நல்லா இருக்கே! எங்கண்ணன் விடற தண்ணி இருக்கும்போது எவனோ அடைச்சு விக்கற தண்ணியை நான் எதுக்கு வாங்கணும்? நீ போடற தண்ணியில லாட்ஜ் விரிப்பே வெளுக்குது. இவர் வயிறு வெளுக்காதா?"

அவரும் சிரிக்கிற மாதிரி ஏதோ செய்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். "டீ போடறேன், இரு," என்று அவள் கத்தியது வாசல் தாண்டியும் கேட்டிருக்கும்.

*

அவர் மூக்கில் ரத்தம் வழிந்து நிற்காமல் போன காலையில் அவள் கதவைத் திறந்தாள். அவர் அவளைப் பார்த்து, "மேனேஜர் வந்துட்டானா? விரிப்பு காயலையே," என்றார். பிறகு அவளை யார் என்று கேட்டார். தையற்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஓடிவந்து தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டார். க்ளினிக்குக்குப் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ போனது.

வார்டில் இருந்த டாக்டரம்மாவுக்கு வயது அதிகம் இருக்காது. தூங்காத கண். ஊசி ஏற்றி, ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள்.

"குடிப்பாரா?"

"குடிப்பார். நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சு. இப்ப மறுபடி ஆரம்பிச்சுட்டார்."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"பாட்டில் கிடைச்சுதா?"

"இல்ல."

"வாசனை?"

"இல்ல. வாசனை வராத சரக்கு..."

"அப்படி ஒண்ணு இருந்தா ஊர்ல பாதி ஆம்பளைங்க அதைத்தான் குடிப்பாங்க. யார் சொன்னது?"



ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு டாக்டரம்மா மறுபடி வந்தாள். பக்கத்துப் படுக்கையில் வயிற்றுப்போக்கோடு கிடந்த ஒரு பெண்ணைக் காட்டி, அந்தம்மா எந்தத் தெரு என்று கேட்டாள். அடுத்த தெரு. எதிர்ப் படுக்கை? அதற்கடுத்த தெரு. எல்லாம் ஏரித் தண்ணீர் போகிற தெருக்கள்.

"குடியால ஈரல் கெடறதுக்கு ஒரு அடையாளம் இருக்கும்மா. ரத்தத்துல தெரிஞ்சுடும். இவருக்கு அந்த அடையாளமே இல்ல. இது திடீர்னு அடிச்ச அடி. விஷத்தோட வேலை. ஏரியில பச்சையாப் படியுதே, பாத்திருக்கீங்களா? பாசின்னு சொல்லுவோம். அதுல ஒரு வகை விஷத்தை உடம்புக்குள்ளயே வச்சிருக்கும். உயிரோட இருக்கறவரைக்கும் பெரும்பாலும் உள்ளயே இருக்கும். மருந்து போட்டுக் கொன்னோம்னா அது வெடிச்சு மொத்தத்தையும் தண்ணியில கொட்டிடும். பச்சை போயிடும். தண்ணி தெளிவாத் தெரியும். அப்பதான் ஆபத்து. குடல் முதல்ல புண்ணாகும். அங்கிருந்து நேரா ஈரலுக்குப் போய் உக்காந்துக்கும். இவர் நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பார்?"

"குடம்," என்றாள். பெயரைச் சொன்னாளா அளவைச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"காய்ச்சித்தான் குடுத்தேன் டாக்டரம்மா. சும்மா குடுக்கல."

"காய்ச்சினா கிருமி சாகும். இந்த விஷம் சாகாது."

"பாதியாச் சுண்டக் காய்ச்சினேன்."

டாக்டரம்மா அவளைப் பார்த்தாள். தண்ணீர்தான் ஆவியாகும், விஷம் பாத்திரத்திலேயே நிற்கும் என்பதை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இவள் முகத்திலேயே அது தெரிந்தது.

"பொழைச்சுக்குவாரா?"

"ஈரல் மறுபடி வளரும். அதுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கணும். இருக்கான்னு இப்ப சொல்ல முடியாது." பிறகு கேட்டாள்: "ஏரியில யாராவது மருந்து போட்டாங்களா? தெரிஞ்சா சொல்லுங்க. மத்தவங்களைக் காப்பாத்தணும்."

படகின் பின்னால் நீலக் கோடு போனது அவள் கண்ணில் வந்தது.

"தெரியாது," என்றாள்.

அண்ணனுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தாள். அவரும் இதே தண்ணீரைத்தானே குடிக்கிறார், அண்ணியும்தானே குடிக்கிறாள், ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அவருடைய உயிரைக் காப்பாற்றத்தான் அங்கிருந்து ஓடினாள்.

*

அண்ணி சமையலறையில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். இவள் மூச்சிரைக்க நுழைந்து, "அண்ணி, குழாய்த் தண்ணியைத் தொடாதீங்க," என்றாள்.

"நாங்க எங்க தொடறோம்?" என்றாள் அண்ணி.

சமையலறைக் குழாயின் வாயில் பழைய துண்டைச் சுற்றி, சணல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. துண்டு காய்ந்து விறைத்திருந்தது. நேற்றோ முந்தாநாளோ கட்டிய கட்டு இல்லை அது. சுவரோரமாகத் தண்ணீர் கேன்கள் தோளோடு தோள் நின்றன. கக்கூஸ் வாசலில்கூட ஒன்று நின்றது.

"எப்போலேர்ந்து?"

"மருந்து போட்ட அன்னிலேர்ந்துதான். பல்லு விளக்கறதுகூட கேன்லதான்னு உங்கண்ணன் ஒரே பிடிவாதம். பாத்திரம் கழுவறதுக்குள்ள என் உயிர் போகுது. ஏன், உன்கிட்ட சொல்லிட்டேன்னாரே? நான் கேட்டேன்மா. தங்கச்சிக்குச் சொன்னீங்களான்னு வாய்விட்டுக் கேட்டேன். முதல்ல அவகிட்டதான் சொன்னேன்னாரு."

அவள் குழாயைப் பார்த்தபடி நின்றாள். ஆடை படிந்த டீ ஞாபகம் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே, "டீ போடு" என்று கத்துகிற அண்ணன். ஒரு டம்ளர் போதாது, கழுவாத டம்ளரிலேயே இன்னொரு டம்ளர் கேட்கிற அண்ணன். அந்த அண்ணன் ஒரு மாதமாக இவள் வீட்டில் வாய் நனைக்கவில்லை.

"என்ன ஆச்சு? ஏன் இப்படி நிக்கறே? உக்காரு, தண்ணி குடி," என்றாள் அண்ணி. உடனே, "கேன் தண்ணிதான்," என்றாள்.

*

பம்புக்காரர் மறுநாள் மத்தியானம் லாண்டரிக்கு வந்தார். அதே மூட்டையின் மேல் உட்கார்ந்தார். அவள் வெளுத்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கடையில் தையல் மெஷின் நின்றது. நின்றால் தையற்காரர் கேட்கிறார் என்று அர்த்தம்.

"ஈரலைப் போய்ப் பிடிக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. வயித்தால போகும், தானா நின்னுடும்னுதான் சொன்னாங்க."

"அப்ப ஏதோ தெரிஞ்சிருக்கு."

"மருந்து போட்டா கொஞ்ச நாளைக்குக் குழாயை மூடணும்னாங்க. மூடினா ஊர் சும்மா விடுமா? என் சட்டையைப் பிடிச்சிருப்பாங்க. உன் கடை என்ன ஆகியிருக்கும்? நீதானே வந்து அழுதே? உனக்காகத்தானே போட்டேன்?"

"எனக்காகப் போட்டே. சரி. எனக்காகச் சொல்லியிருக்கலாமே. குடிக்காதேன்னு ஒரு வார்த்தை."

"சொன்னா நீ வாயை வச்சுக்கிட்டு சும்மா இருப்பியா? தெருவுக்கே சொல்லிடுவே."

"சொல்லித்தான் இருப்பேன்."

"அதான்."

அவள் ஒரு அகல விரிப்பை எடுத்து உதறினாள். எதிர்முனையை அவரிடம் நீட்டினாள். அவர் பழக்கத்தில் எழுந்து வாங்கிக்கொண்டார். சின்ன வயதில் அம்மாவுக்கு இருவரும் இப்படித்தான் மடித்துக் கொடுப்பார்கள். இருவரும் இழுத்து விறைத்தார்கள்.

"அவர் கண்ணு மஞ்சளாச்சே, அப்ப?"

"குடியோன்னுதான் நானும் நினைச்சேன்."

"அண்ணே."

அவர் விரிப்பின் விளிம்பைப் பார்த்தார். "கொஞ்சம் சந்தேகம் வந்துச்சு."

"சந்தேகம் வந்துதான் இங்க உக்காந்து வாசனை வராத சரக்குன்னு சொன்னியா? உள்ள வச்சுப் பூட்டுன்னு சொன்னியா? தண்ணி குடுன்னு சொன்னியா?" பாதியாக மடித்தார்கள். "அடுப்படியில நின்னு பாத்தியே. சுண்டறதை நின்னு பாத்தியே."

"கேன் வாங்குன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்னே. சொல்லிட்டு செருப்பைப் போட்டுக்கிட்டே."

பிறகு, தான் வந்த வேலையைச் சொன்னார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து எழுதிட்டாங்களாம், நாளைக்கு எங்க ஆபீஸ்லேர்ந்து விசாரிக்க வருவாங்க. மாப்ளே பழையபடி குடிச்சார்னு மட்டும் சொல்லிடு. மத்தவங்களுக்கெல்லாம் வெறும் வயித்துப்போக்குதான், அதை வெயில்னு சொல்லிச் சமாளிச்சுடலாம். இவர் ஒருத்தர்தான் இடிக்குது. ஊரே அப்படித்தானே நினைக்குது? நீ புதுசா எதுவும் சொல்ல வேணாம். சொன்னதையே சொல்லு. எனக்கு வேலை போயிட்டா உங்கண்ணி எங்க போவா?"

கடைசி மடிப்புக்கு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். அவர் நடந்து வந்து தன் முனைகளை அவள் கையில் சேர்த்தார். விரல்கள் பட்டன. அவள் விரிப்பை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"சொல்றேன்," என்றாள்.

அவர் மூச்சுவிட்டார். "நீ சொல்லுவேன்னு தெரியும்."

"படகு, கோணிப்பை, உன் வீட்டுக் குழாயில கட்டின துண்டு. எல்லாத்தையும் சொல்றேன். இப்ப எழுந்து போ. வாசல்ல யாராவது கேட்டா, தங்கச்சி வீட்டுல டீ குடிச்சியான்னு, குடிக்கலன்னு சொல்லு. அதுவாவது உண்மையா இருக்கட்டும்."

பக்கத்துக் கடையில் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. துணி எதுவும் இல்லாமல் வெறுமனே ஓடுகிற சத்தம்.

மறுநாள் வந்தவர்களிடம் வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள். தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். அன்றைக்கே குழாய் மூடப்பட்டது. பம்புக்காரரைப் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. அவள் போய்ப் பார்க்கவில்லை.

*

அவருடைய ஈரலில் மிச்சம் இருந்தது. கொஞ்சம்தான். ஆனால் இருந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை அவள் தினமும் போனாள். தினமும் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூக்கம் என்று நினைத்தாள். நர்ஸ் வந்தால் கண் திறந்து பேசுகிறார் என்பதைப் பார்த்த பிறகும் தூக்கம் என்றே நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வருகிற நாளில் துணி அறையைக் கழுவினாள். பாயை எறிந்துவிட்டுக் கட்டில் போட்டாள். இருப்பதிலேயே வெள்ளையான விரிப்பை விரித்தாள். எவர்சில்வர் குடத்தைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டிருந்தாள்.

தையற்காரர் ஆட்டோவிலிருந்து அவரைக் கைத்தாங்கலாக இறக்கினார். சட்டை கழுத்தெலும்பில் தொங்கியது. கண்ணில் மஞ்சள் வடிந்து சாம்பல் நிறம் நின்றது. அவருடைய மறு கை ஒரு தண்ணீர் கேனை இழுத்துக்கொண்டு வந்தது. வழியில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி அவரே இறங்கி வாங்கினாராம்.

"நான் தூக்கறேன்னு சொன்னேன் அக்கா, குடுக்க மாட்டேங்கறார்," என்றார் தையற்காரர். பிறகு, "கடையில ஆள் காத்திருக்கு," என்று நகர்ந்தார். கடையில் ஆள் யாரும் இல்லை.

அவள் கஞ்சி டம்ளரை நீட்டினாள்.

"கேன் தண்ணியிலதான் வச்சேன். மூடி உடைக்காத கேன்."

அவர் டம்ளரைப் பார்த்தார். வாங்கவில்லை.

"விசாரிக்க வந்தவங்ககிட்ட சொல்லிட்டேங்க. என் வீட்டுக்காரர் ஒரு சொட்டு குடிக்கலன்னு. சத்தமாச் சொன்னேன். தெருவே கேட்டுச்சு. வேணும்னா பக்கத்துக் கடையில கேளுங்க. எங்கண்ணன்கூட எனக்கு வேணாம்னு சொல்லிட்டேன்."

"எப்ப சொன்னே?"

"அவங்க வந்த அன்னிக்கு."

"டாக்டர் சொன்னதுக்கு அப்புறம்."

அவள் கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரிஞ்சுடுச்சு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபத்துக்கு வேண்டிய உடம்பு அவரிடம் இல்லை. "உங்கண்ணன் சொன்னப்பவும் தெரிஞ்சுடுச்சு. நான் சொன்னதுதான் உனக்குக் கேக்கவே இல்ல."

"பழசெல்லாம் பாத்தவ நான். பயந்துட்டேன்."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரி. சாவியைக் குடு."

துணி அறைச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. பூட்டிய நாளிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது. எடுத்துப் போட நேரமில்லை என்று சொல்லிக்கொள்வாள். அவர் அதை வாங்கி எங்காவது எறியப் போகிறார், எறியட்டும், எறிந்துவிட்டு நாலு வார்த்தை திட்டட்டும் என்று நினைத்து அவிழ்த்துக் கொடுத்தாள்.

அவர் எறியவில்லை. கேனைத் தூக்க முடியாமல் தரையோடு இழுத்துக்கொண்டு போனார். அறை வாசலில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். அவள் ஓடிப்போய்க் கேனில் கை வைத்தாள். அவர் அந்தக் கையை எடுத்து ஒதுக்கிவைத்தார், வழியில் கிடந்த துணியை ஒதுக்குகிற மாதிரி. உள்ளே போனார்.

கதவு சாத்திக்கொண்டது. சாவி உள்பக்கத்துத் துளையைத் தேடித் தடவுகிற சத்தம் கேட்டது. பிறகு துளை கிடைத்தது. பூட்டு விழுந்தது.